கமா பிரித்த தம்பதி

பிராணிகள் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்காரும் அக்காவுக்கு ஒரே ஒரு பலவீனம்: யார் மனமும் நோகக் கூடாது. பூனையைத் தடவிக்கொடுத்தால், பார்த்துக்கொண்டிருக்கும் நாயிடமும் இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும். இந்தத் தங்கமான குணத்தாலேயே முன்பு பார்த்த இரண்டு வேலையும் கைவிட்டுப் போயின. இங்கே நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று டாக்டரம்மா இன்னும் வாய் திறக்கவில்லை.

"இது சிஎஸ்வி ஃபைல். ஒரு வரிக்கு ஒரு பிராணி. முதல்ல சிகிச்சை, அப்புறம் வளக்கிறவங்க, மூணாவது பிராணி பேரு. கமாவ வச்சுத்தான் கம்ப்யூட்டர் பிரிக்கும், அதுவே மெசேஜும் அனுப்பிடும்" என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபோது அக்கா தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள்.

தையல்காரர் வீட்டுப் பூனை மிட்டாயின் முறை வந்தது. பதிவு என்னவோ அவர் பெயரில்தான். பூனையிடம் பிறாண்டல் வாங்கிக்கொண்டு தூக்கிவருவது அவர் மனைவி. அந்த அம்மாளை விட்டுவிட அக்காவுக்கு மனசு வரவில்லை. 'நகம் வெட்டுதல், தையல்காரர், மனைவி, மிட்டாய்' என்று அடித்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனாள். கம்ப்யூட்டருக்கு மூன்றாவதாக நிற்பதுதான் பிராணி.

மறுநாள் அந்த அம்மாள் வந்து செல்போனை மேசையில் வைத்தாள்.

'அன்புள்ள தையல்காரர், இன்று உங்கள் மனைவிக்கு நகம் வெட்டப்படும். கடிக்கும் பழக்கம் இருந்தால் வாய்க்கட்டுடன் அழைத்து வரவும்.'

"அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. வாய்க்கட்டுக்குத் துணி வேற வெட்டிட்டாரு!"

டாக்டரம்மா எட்டிப் பார்த்தாள். மூன்றாவது வேலையும் போயிற்று என்று அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்களையும் சேத்துக்கணும்னுதாம்மா போட்டேன். பாழாப்போன கமா பிரிச்சிடுச்சு."

"ரெண்டு பேரையும் மேற்கோள் குறிக்குள்ள போட்டிருந்தா பிரிச்சிருக்காது" என்றாள் டாக்டரம்மா.

அந்த அம்மாளின் முகம் மெல்ல இளகியது. "என்னைச் சேத்துக்கணும்னு தோணுன ஒரே ஆளு இவதான். இவள வேலைய விட்டு எடுத்துடாதீங்க டாக்டர். ஆமா, மிட்டாய்க்கு அடுத்தது என்ன?"

"கருத்தடை ஆபரேஷன்மா."

"அப்போ என் பேர முன்னால போடு. கமா. அப்புறம் 'கணவர்'. மேற்கோள் குறியெல்லாம் வேணாம்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் நாற்காலியில் சாய்ந்தாள். "அடிம்மா. நிரந்தர வேலையில முதல் வரி, தப்பில்லாம அடி."

பாவம் தையல்காரர், மனம் நோகுமே என்று அக்கா ஒரு நொடி யோசித்தாள். பிறகு அடித்தாள்.