மூக்குச் செத்தவன் போட்ட ஐஸ் தரை

எனக்கு வாசனை தெரியாது. மல்லிகைப் பூவும் மத்தி மீனும் என் மூக்குக்கு ஒன்றுதான். பிறவியில் வந்ததல்ல, வேலையில் வந்தது.

உப்பூருக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு ஐஸ் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக மிஷின் ஓட்டுகிறேன். சிக்கல் என்ற ஊர்ப் பக்கம் எங்களுக்குக் கண்மாயை நம்பிய நிலம் கொஞ்சம் இருந்தது. நாங்கள் கண்மாயைப் பார்த்தோம், கண்மாய் எங்களைப் பார்க்கவில்லை, இங்கே வந்துவிட்டேன். படிப்பைக் கேட்காதீர்கள். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் "நாளையிலருந்து வராதே" என்றார். இன்றுவரை அவர் பேச்சைத் தட்டியதில்லை.

தண்ணீரை உறைய வைப்பது அம்மோனியா என்ற கேஸ். குழாய்க்குள் ஓடும். கொஞ்சம் கசிந்தாலும் புது ஆள் கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். நானும் முதல் சில வருடங்கள் ஓடியவன்தான். பிறகு மூக்கு ராஜினாமா கொடுத்துவிட்டது. அதை விருது மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தேன். எல்லாரும் ஓடும்போது நான் மட்டும் நின்று டீ குடிப்பேன். கசிவைக் கண்டுபிடிக்கக் கந்தகக் குச்சி ஒரு கட்டு ஆணியில் தொங்கியது. கொளுத்திக் குழாயோரம் காட்டினால் கசியும் இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. என்னோடு வேலை பார்க்கும் தொண்டிக்காரருக்கு நல்ல மூக்கு. அவர் முகர்ந்து சொல்வார், நான் ஸ்பானரை எடுப்பேன். இரண்டு ஆளுக்கு ஒரு மூக்கு. கம்பெனி நன்றாகத்தான் ஓடியது.

என் மகள் பரமக்குடியில் காலேஜ் படிக்கிறாள். சக்கர ஷூ கட்டி ஆடும் ஹாக்கியில் மாநிலத்துக்கு ஆடியவள். வெயிலைத் தவிர வேறொன்றும் விளையாத நம் நாட்டுக்கு ஐஸ் ஹாக்கி அணி என்று ஒன்று இருப்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சக்கரத்தில் நன்றாக ஆடும் பிள்ளைகளை அந்த அணிக்குக் கூப்பிட்டுப் பார்க்கிறார்களாம். இவளையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

"ஏத்தா, நம்ம பக்கம் ஐஸு மீனு மேல கெடக்கும், இல்லாட்டி பொணத்து மேல கெடக்கும். ஆளு ஏறி ஆடுற ஐஸு எங்கன இருக்கு?"

"வடக்க இருக்குய்யா. பெரிய கட்டடத்துக்குள்ள தரை பூராம் ஐஸு."

"அப்ப மீனுக்குப் பதிலா ஒன்னய உள்ள வைக்கப் போறாக."

சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்தப் பேச்சை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இப்போது தோன்றுகிறது. விட்டால் பொய்யாகிவிடும்.

பத்து நாள் முகாமுக்குப் போய், முழங்கை முழங்காலெல்லாம் கன்றிப்போய்த் திரும்பினாள். ஓட வந்துவிட்டதாம், அடிக்க வந்துவிட்டதாம், நிற்கத்தான் வரவில்லையாம்.

"ரெண்டு காலையும் சட்டுனு குறுக்க திருப்பி, பிளேடால ஐஸச் செரைச்சு நிக்கணும்யா. மத்த பிள்ளைக பனியிலயே பொறந்து வளந்ததுக. நான் மட்டும் செவுத்துல மோதித்தான் நிக்கிறேன்."

"செவுரு என்ன ஆச்சு?"

"அய்யா!"

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த மறுவாரம் அடுத்த முகாம், அதில்தான் கடைசிப் பட்டியல், நிற்கத் தெரிந்துகொண்டு வா என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் என் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் வேலை செய்யும். செய்யும்போதெல்லாம் யாருக்காவது கேடு.

தடைக்காலத்தில் இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஐஸ் கேட்க ஆள் வராது. தொண்டிக்காரர் ஊருக்குப் போய்விட்டார். மிஷின் கெட்டுப்போகாமல் தினம் கொஞ்ச நேரம் ஓட்டு என்று முதலாளி சொல்லியிருந்தார். ஐஸ் அடுக்கும் அறை காலியாகக் கிடந்தது. குளிர் வெளியேறாத தடிச் சுவர், சுவரோரம் கேஸ் குழாய், கனத்த மரக்கதவு. முதலாளியிடம் கேட்டேன். "புள்ள கால ஒடச்சுக்கிறாம பாத்துக்க" என்று சிரித்தார். பார் பாராக ஐஸைப் படுக்கப்போட்டு, இடுக்கில் நொறுக்கு ஐஸைத் திணித்து, மேலே தண்ணீர் ஊற்றி உறைய விட்டேன். மூன்று நாள் வேலை. ஆட்டம் ஆட இடம் போதாது. நான்கு எட்டு ஓடி நிற்கப் பழகுவதற்குப் போதும்.

முதல் நாள் அவள் பிளேடு ஷூவைக் கட்டிக்கொண்டு இறங்கியபோது நான் மீன் பெட்டி மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கோல் காக்க நின்றேன். அவள் அடித்த ரப்பர் வட்டு என்னைத் தொடவே இல்லை. நானாகத்தான் விழுந்தேன். இடுப்பு மூன்று நாள் பேசியது. அதன் பிறகு அவள் உள்ளே, நான் வெளியே.

வெளியே கத்திரி வெயில். கதவைத் திறந்து வைத்தால் தரை ஒரு மணி நேரத்தில் குளமாகிவிடும். அதனால் சாத்தித் தாழ்ப்பாள் போடுவேன். உள்ளிருந்து திறக்க ஒரு தள்ளுகம்பி இருந்தது, அது உடைந்து பல வருடம். ஐஸ் தானாக எழுந்து வெளியே வரப்போவதில்லை என்று யாரும் சரிசெய்யவில்லை. "போதும்னா கதவத் தட்டுத்தா" என்று சொல்லி வைத்தேன். அவள் மட்டையால் தட்டுவாள், நான் திறப்பேன். நாளாக ஆக, அந்தக் கதவையே கோலாக வைத்து வட்டை அடிக்கத் தொடங்கினாள். டம் என்று விழும்போதெல்லாம் நான் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "கோலு!" என்று கத்துவேன். அவளுக்குக் கேட்காது. எனக்கு ஒரு சந்தோஷம்.

இரண்டாவது வாரத்தில் அவள் கண் சிவந்திருந்தது.

"கண்ணு எரியுதுய்யா. வெங்காயம் உரிச்ச மாரி இருக்கு. தொண்டையிலயும் என்னமோ."

"அது ஐஸோட கொணம். பத்தொம்பது வருசமாக் குடிக்கிறேன், எனக்கு என்ன ஆயிருச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன ஆகியிருந்தது என்று இருவருக்கும் தெரியும். ஆனால் அதை நான் பெருமையாகச் சொன்னேன், அவளும் அதற்குமேல் பேசவில்லை. பேசினால் எங்கே பழகுவதை நிறுத்திவிடுவேனோ என்று பயந்திருக்கிறாள். மறுநாளிலிருந்து துப்பட்டாவை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் அவளைக் கொள்ளைக்காரி என்று கேலி செய்தேன்.

மீன் இல்லாவிட்டாலும் மீன் நினைப்பில் கம்பெனி வாசலில் படுத்துக் கிடக்கும் பூனைகள் எதிர்ச்சுவருக்குப் போய்விட்டன. அறைக்கு வெளியே இரண்டு பல்லிகள் மல்லாந்து கிடந்தன, கூட்டித் தள்ளினேன். கதவில் தொங்கிய பித்தளைப் பூட்டு மயில்துத்தம் பூசியது போல நீலமாக மாறியது. நல்ல கலராக இருக்கிறதே என்று துடைத்துக்கூடப் பார்த்தேன். கேஸ் அளவு காட்டும் முள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறங்கியது. மீட்டருக்கு வயதாகிவிட்டது என்று விரலால் தட்டிவிட்டேன். ஆணியில் கந்தகக் குச்சி அப்படியே தொங்கியது.

என் மனைவிதான் துணி துவைக்கும்போது கேட்டாள். "ஏங்க, புள்ள சட்டையில மூத்திர வாட அடிக்குதே, என்னா அது?"

"வேர்வையா இருக்கும்."

"ஐஸுக்குள்ள ஆருக்கு வேர்க்கும்? உங்க மூக்கத்தான் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டீக. அவ மூக்கயும் சேத்துக் குடுக்கப் போறீகளா?"

இன்னும் நாலு நாளில் முகாமுக்குக் கிளம்பிவிடுவாள், அதுவரைதானே என்றேன்.

மறுநாள் மத்தியானம். வழக்கம்போல உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். சரட், சரட் என்று பிளேடு ஐஸைச் சிரைக்கும் சத்தம். இப்போது ஒவ்வொரு சரட்டும் சுத்தமாக வந்தது. நிற்கப் பழகிவிட்டாள். அது கேட்கக் கேட்க எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு டம் என்றது. "கோலு!" என்றேன். டம். "கோலு!" டம், டம், டம் என்று வரிசையாக வந்தது. இன்றைக்கு வெளுத்து வாங்குகிறாளே என்று எழுந்து நின்று கைதட்டினேன். எத்தனை தடவை கத்தினேன் என்று எண்ணவில்லை. பிறகு ஒன்று மெதுவாக விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

களைத்து உட்கார்ந்திருப்பாள் என்று டம்ளரில் மீதி இருந்த டீயைக் குடித்தேன். குடித்து முடித்துத்தான் எழுந்தேன்.

கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகை வந்தது. ஐஸ் அறையில் எப்போதும் வருவதுதான். என் மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. கண் மட்டும் சொன்னது, பல வருடம் கழித்து என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் வாசலிலேயே கிடந்தாள். மட்டை கையில் இருந்தது. கதவின் உட்பக்கம், தாழ்ப்பாள் இருக்கும் உயரத்தில், மரம் பெயர்ந்திருந்தது. அது வட்டு பட்ட அடையாளம் இல்லை. வட்டு அறையின் மூலையில் கிடந்தது.

இழுத்து வெளியே போட்டேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். இருமினாள். அந்த இருமலுக்கு நான் போட்ட கும்பிடை எந்தச் சாமிக்கும் போட்டதில்லை.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கண் தப்பித்துவிட்டது என்றார்கள். நெஞ்சுக்கு நாளாகும் என்றார்கள். டாக்டர் என்னிடம், "வாட தெரிஞ்சிருக்குமே, ஏன் உள்ள விட்டீங்க?" என்று கேட்டார். என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.

அந்த முகாம் போயிற்று. மகள் பயிற்சியாளரிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். குளிர்காலத்தில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, மலைமேல் உறைந்துபோன குளத்தில், அதற்கு வா என்றாராம். அந்த உயரத்தில் நல்ல நெஞ்சுக்காரருக்கே காற்று பற்றாது என்று அவளே சொன்னாள். சொல்லும்போது இருமலை அடக்கினாள்.

போன வாரம் அதற்கு ஃபாரம் வந்தது. பெற்றவர் கையெழுத்துப் போடவேண்டும். அவள் வரி வரியாக வாசித்து அர்த்தம் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும். பேப்பரில் ஒன்பது கேள்வி, அவள் வாசித்தது எட்டு.

"ஏத்தா, நடுவுல ஒண்ண விட்டுட்டியே."

"அது ஒண்ணும் இல்லய்யா. போடுங்க."

"வாசி."

"மூச்சுக் கோளாறு இருக்கான்னு கேட்டிருக்கு. இல்லன்னு போட்டுட்டேன். இருக்குன்னு போட்டா எடுக்க மாட்டாக. இப்பத்தான்யா எனக்கு நிக்க வருது."

பேனாவைக் கீழே வைத்தேன். அவளுடைய போனிலேயே பயிற்சியாளரைக் கூப்பிடச் சொன்னேன். மாட்டேன் என்றாள். அவருக்குத் தமிழ் வரும். தெரிந்தவர்களிடம் நம்பர் வாங்கி நானே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கைச் சொன்னேன், பூனையைச் சொன்னேன், "கோலு" என்று கத்தியதையும் சொன்னேன். பெரிய டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மதுரையில் காட்டினோம், அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை.

கந்தகக் குச்சி இப்போது தினம் எரிகிறது. உடைந்த தள்ளுகம்பியை நானே வெல்டிங் வைத்துச் சரிசெய்தேன். ஐஸ் தரையை உடைத்துக் கடலில் கொட்டியாயிற்று.

மகள் என்னோடு பேசி நாலு நாளாகிறது. சாயங்காலம் சக்கர ஷூவைக் கட்டிக்கொண்டு தெருவில் பழகுகிறாள். வீட்டுச் சுவரில் பந்து டம் என்று விழும். விழும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். அவள் அடித்துக்கொண்டுதான் இருப்பாள். திரும்பி வந்து உட்காருவேன். அடுத்த டம்முக்கு எழுந்திருப்பேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே இருமலை எண்ணுகிறேன். முந்தாநாள் ஏழு. நேற்று பதினொன்று.

இன்றைக்குச் சத்தம் சட்டென்று நின்றது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். மட்டையை ஊன்றிக் குனிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என் காலடி கேட்டு நிமிர்ந்தாள்.

"என்னய்யா, கோலு சொல்ல வந்தீகளா?" என்றாள்.