மூடி சரியில்லாத புட்டி

சோதனைக்கு வரும் மாதிரி, சேகரித்தவரின் கையெழுத்தோடும் முத்திரையோடும்தான் ஆய்வகத்துக்குள் வர வேண்டும். இந்த விதியை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டியே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவள் நான். என் தாய்மாமா எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன புட்டிக்கு மூடியே சரியில்லை.

மாமா மயிலாடுதுறையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். நடவுக்குப் போகும் பெண்களின் சேற்றுப்புண்ணுக்கு அம்மா குப்பைமேனி இலையை அரைத்துப் போடுவாள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து காலை நீட்டுவார்கள். அந்த இலைச்சாறு கிருமியைக் கொல்கிறதா என்று சோதித்து ஆய்வேடு எழுதப்போவதாக மாமா சொன்னதும் வீட்டுக்குள் சந்தேகம் நுழைந்தது.

"ஏன்டா தம்பி, இத்தன வருசமா ஆறின காலெல்லாம் பொய்யா?" என்றாள் அம்மா.

"இல்லக்கா. கண்ணாடித் தட்டுல கிருமிய வளத்து, நடுவுல இலைச் சாத்த விடுவோம். கிருமி செத்தா சுத்தி வட்டமா தெளிஞ்சிடும். அளந்து காட்டினாத்தான் நம்புவாங்க."

"வட்டம் விழலன்னா?"

மாமா அரைத்த சாற்றைப் புட்டியில் ஊற்றி மூடியை அழுத்தினார். அப்பாவின் சந்தேகம் வேறு.

"விழுந்தா மட்டும் என்ன? மருந்து அவன் பேர்ல போயிடும், பாத்துக்க."

எனக்கு எட்டு வயது. வட்டம் விழாவிட்டால் அம்மாவிடம் இனி யாரும் காலை நீட்டமாட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது. மாட்டுக் குளம்புப் புண்ணுக்காக அப்பா வைத்திருந்த மயில்துத்தம் மாடத்தில் இருந்தது. புண்ணை ஆற்றும் நீலக் கல். பொடித்து, ஒரு சிட்டிகை புட்டிக்குள் போட்டுக் குலுக்கினேன். பச்சைச் சாற்றில் நீலம் தெரியவில்லை.

வட்டம் ரூபாய்க் காசு அகலத்துக்கு விழுந்ததாம். அம்மா அந்த வாரம் தெருவில் நடந்த நடையே வேறு. கொல்வது எந்தப் பொருள் என்று அறிய, மிச்சச் சாற்றை மாமாவின் பேராசிரியர் மெட்ராசுக்கு அனுப்பினார். நடவு முடிந்து கதிர் முற்றும்வரை பதில் இல்லை.

வந்த பதிலை மாமா கையோடு கொண்டுவந்தார்.

"சாத்துல செம்பு இருக்குதாம்க்கா. துத்தத்துலதான் செம்பு உண்டு. அதப் போட்டியா?"

அம்மா மாடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான்தான்டா போட்டேன்" என்றாள்.

மாமா தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அவர் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனது. வெறும் இலையைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பிற்பாடு எத்தனையோ செடிகளைச் சோதித்த எனக்குத் தோன்றியது, துணிவு வரவில்லை.

அன்று நான் தப்பித்ததாகவே நினைத்தேன். அந்தப் பொங்கலுக்கு மாமாவின் சீர்க் கரும்பு ஏன் வரவில்லை என்று அம்மாவையே கேட்டு நச்சரித்தேன். மெட்ராஸ் பதிலோடு மாமா வந்துபோனது போகிக்கு முதல் நாள்.