கஞ்சி காய்ச்சிய கிண்ணம்

ஜப்பானியக் கறுப்புத் தேநீர்க் கிண்ணத்தில் கஞ்சி காய்ச்சிய மனிதர் இந்த உலகத்தில் என் கணவர் ஒருவராகத்தான் இருப்பார். அவர் போய் இரண்டு பனிக்காலம் கழிந்துவிட்டது. அந்த நாளை நினைத்தால் இன்னும் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. மற்றது அதற்குப் பிறகு வருகிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டுக்குக் கிட்ட, மோர்னிங்சைட்டில் ஒரு மட்பாண்ட வகுப்பில் சேர்ந்தேன். அங்கே பழகிய இந்தக் கறுப்புக் கிண்ணத்துக்குக் குயவர் சக்கரம் கிடையாது. களிமண்ணை உள்ளங்கைகளுக்குள் வைத்து மெல்ல மெல்ல உயர்த்தி, காய்ந்துவரும்போது கத்தியால் சீவவேண்டும். கறுப்புப் பூச்சை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசவேண்டும். சூளையில் பூச்சு உருகிப் பளபளக்கும் நேரம் பார்த்து, செக்கச்செவேலென்ற கிண்ணத்தைக் குறடால் பிடித்து வெளியே எடுத்தால், குளிர்காற்றுப் பட்டதும் அது கறுக்கும். பிந்தினால் அந்தக் கறுப்பு வராது. எனக்கு வாய்த்த முதல் கிண்ணத்தின் விளிம்பு மேடும் பள்ளமுமாக இருந்தது. வாய் வைக்க ஓர் இடம் தானாகவே அமைந்திருந்தது. பெற்ற பிள்ளையைப்போல அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்த நாள் கடைக்குப் போய்த் திரும்பினால் வீடெல்லாம் கஞ்சி மணம். கிண்ணம் அடுப்பில் இருந்தது. அடியிலிருந்து விளிம்புவரை மெல்லிய வெடிப்பு.

“என்னப்பா செய்து வச்சிருக்கிறியள்?”

“நீர் ஏன் கத்துறீர்? புதுச்சட்டியைக் கஞ்சி வச்சுப் பழக்காமல் ஆரும் பாவிப்பினமோ?”

ஊரில் அவருடைய வீட்டில் எந்தப் புது மண்சட்டியையும் அப்படித்தான் பழக்குவார்களாம். எனக்குப் பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பில் அகப்பையோடு நின்றார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. எறியப் போனேன், விடவில்லை. அன்றிலிருந்து அவருடைய தேத்தண்ணி அதில்தான். மடியில் துவாயை விரித்துக்கொண்டு, ஒழுகி முடிவதற்குள் மடமடவென்று குடிப்பார். “ஒழுகுதுதான், ஆனால் ருசி வேற,” என்பார். நானும் என் கோப்பையை எடுத்துக்கொண்டு அவரோடு போட்டிக்குக் குடிப்பேன். ஆசுபத்திரிக்கும் அதைத்தான் கொண்டுவரச் சொன்னார்.

இப்போது நான் செய்யும் கிண்ணங்கள் எதுவும் ஒழுகுவதில்லை. போன கிழமை செய்த கிண்ணத்தின் கறுப்பை ஆசிரியையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து தேத்தண்ணியை ஊற்றி, என் கணவர் இருந்து குடித்த கதிரைக்கு எதிரே இருந்தேன். மனம் அவரைத் தேடியது. நல்ல தடிப்பான கிண்ணம், சூட்டை விடாமல் வைத்திருந்தது. அவசரப்படுத்த ஆளில்லை. அது முழுக்க ஆறிப்போகும்வரை கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.