இருட்டுக்குப் பயந்த பிள்ளையின் பாட்டு

என் மனைவியின் பாட்டை இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான். எடுத்துக்கொண்டவனை ஊரறியத் திட்டியிருக்கிறேன். கொடுத்தவன் யார் என்று மட்டும் வாய் திறந்ததில்லை. உங்களிடம் சொல்கிறேன்... கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். பேரையூரில் மிஷன் பள்ளி வாத்தியார் நான். சபைப் பாடகர் குழுவுக்கும் நானே தலைவன். எங்கள் மகன் சாமுவேல் காமாலையில் போனபின், எஸ்தர் அடுப்படியில் ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினாள். ‘என் பிள்ளைக்கு இருட்டென்றால் பயம், ஒரு விளக்கேற்றி வையும் ஐயா...’ சொல்லும் அவளுடையது, ராகமும் அவளுடையது. காலமெல்லாம் ஆர்மோனியத்தோடு மல்லுக்கட்டிய எனக்கு அப்படி ஓர் அடி வாய்க்கவில்லையே! யாருடையது என்று சொல்லாமலே அதைக் குழுவுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

மதுரையிலிருந்து கிட்டாரோடு ஓர் இளம் பாடகர் எங்கள் சபைக்கு வந்தார். கேசட் எல்லாம் போட்டவர். பாட்டைக் கேட்டு உருகிப்போய், “யாருண்ணே எழுதுனது?” என்றார்.

எங்கள் சபைகளில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். எழுதியவரே தலைகுனிந்து, “கர்த்தர் கொடுத்தாரு” என்பார். பெயரைச் சொன்னால் பெருமை பிடித்தவன் என்பார்கள். நானும் தலைகுனிந்து அதையே சொன்னேன். பணிவா அது? பொறாமை! நான் எழுதியதாக நினைத்தால் நினைக்கட்டுமே என்ற அற்பத்தனம்! எஸ்தர் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த கோடையில் ஆரப்பாளையம் பக்கத்து மைதானத்தில் அவருடைய இசைக் கூட்டம். சபையே பஸ் ஏறிப் போனது. டிரம்ஸ், கலர் விளக்கு... நானும் கைதட்டி ரசித்தேன். திடீரென்று அந்த ராகம்! கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் சொல்கிறார்: “கொடைக்கானல்ல ஜெபத்துல இருந்தப்ப, கர்த்தர் எனக்குக் கொடுத்த பாட்டு.”

அடப்பாவி! கல்யாணமே ஆகாத உனக்கு இருட்டுக்குப் பயந்த பிள்ளை ஏது? எந்தப் பிள்ளைக்கு நீ மண் போட்டாய்? எஸ்தர் பக்கம் திரும்பினேன்.

“பாத்தியா எஸ்தரு! எம்புட்டுத் துணிச்சல்! கூசாமச் சொல்றானே!”

அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க சொன்னதத்தானங்க அவரும் சொல்றாரு.”

பாட்டு முடிந்தது. ஆறுதல் அடைந்தவர்கள் மேடைக்கு வந்து சாட்சி சொல்லலாம் என்று அழைத்தார்கள். “நான் போறேன். இன்னைக்கு இவன் வண்டவாளத்த எடுத்து விடுறேன்!” என்று எழுந்தேன். எஸ்தர் கையைப் பிடித்தாள். தடுக்க அல்ல.

“எம் பேரு வேணாங்க. நம்ம சாமுவேலு பேர மட்டும் சொல்லிருங்க... போதும்.”

மேடை ஏறினேன். மைக் கைக்கு வந்தது. முன்வரிசையில் எங்கள் போதகர், என் குழுப் பிள்ளைகள். அன்று நான் தலைகுனிந்ததைப் பார்த்தவர்கள். இவனைப் பொய்யன் என்றால் என்னை என்னவென்பது? பாடகர் என் தோளில் கைபோட்டு, “சொல்லுங்கண்ணே” என்றார். அவருக்கு என்னை நன்றாகவே அடையாளம் தெரிந்தது. சிரித்தார்!

“இந்தப் பாட்டு... எங்க வீட்டுக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு. ஸ்தோத்திரம்.”

மைதானம் முழுவதும் அல்லேலூயா என்றது. சீ... என்ன மனுஷன் நான்! ஒரு பெயர். பெற்ற பிள்ளையின் பெயர். அதற்குக்கூட நாக்கு புரளவில்லையே!

இன்றும் அந்தப் பாடகரைத் திட்டுகிறேன், மனதாரத் திட்டுகிறேன். திட்டுகிற நேரம் என்னைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

எங்கள் பக்கத்தில் யாரை அடக்கம் செய்தாலும் இப்போது அந்தப் பாட்டைத்தான் பாடுகிறார்கள். எஸ்தர் பாடுவதில்லை. என் அருகில் வந்து நிற்பாள். விளக்கேற்றச் சொல்லும் அந்த அடி வரும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படி, “சாமுவேலு” என்பாள்.