இரண்டு நாள் தள்ளிப்போன கெடு

அராபா டாவியா எங்கள் ஐஸ் ஆலையில் சீட்டு எழுதுகிறவள். கானா நாட்டின் சேகொண்டி துறைமுகத்தில் எந்தப் படகுக்கு எத்தனை கட்டி, எந்த லாரி எந்த ஊருக்கு என்பதெல்லாம் அவள் ஜன்னலைத் தாண்டித்தான் போகும். நான் ஃபீஃபி, அந்த ஆலையில் லாரி ஓட்டுகிறவன். கம்ப்யூட்டர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மென்பொருள் போட்டிக்குக் கெடு தள்ளிப்போன அந்த மூன்று நாளும் அவளுக்காக லாரி ஓட்டியவன் நான்தான்.

அவளுக்கு வயது முப்பத்து நான்கு. தொழிற்கல்லூரியில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்து, பாதியில் நின்றவள். மீதியை ஜன்னலுக்குப் பின்னால், இரண்டு லாரிகளுக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில் தானாகவே கற்றுக்கொண்டாள். மீன் வாங்கும் பெண்கள் தலையில் கூடையோடு ஐஸ் தேடி ஆலை ஆலையாக அலைவதை அவள் தினமும் பார்ப்பாள். நடந்து முடிப்பதற்குள் மீன் நாறிவிடும். ஒரு எண்ணுக்குப் போன் போட்டால் இன்றைக்கு எங்கே ஐஸ் இருக்கிறது என்று சொல்லும் ஒரு மென்பொருளை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். டாக்கொராடியில் ஒரு அறக்கட்டளை மென்பொருள் போட்டி அறிவித்ததும் பெயர் கொடுத்துவிட்டாள். மூன்று வாரம் கெடு. கடைசி நாள் செவ்வாய், பகல் பன்னிரண்டு மணி.

செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு நாள் என்று எங்கள் பக்கத்தில் வலை போட மாட்டார்கள். அன்றைக்கு ஆலையில் ஈ ஓட்டலாம். அதனால்தான் அவளால் அந்தக் கெடுவைப் பிடிக்க முடிந்தது. அப்படியும் ஒரு முக்கியமான பகுதியை வெட்ட வேண்டி வந்தது. படிக்கத் தெரியாத பெண்களுக்காக எல்லாவற்றையும் ஃபான்டி மொழியில் குரலாகச் சொல்லும் பகுதி அது. எழுத்தில் வரும் செய்தி மட்டும் போதும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு, காலையில் என் லாரியில் ஏறிக்கொண்டாள். ஆலையில் நெட் நத்தை மாதிரி ஊரும். அறக்கட்டளைக் கட்டடத்தின் கம்ப்யூட்டர் அறையில் போய் அனுப்புவது என்று ஏற்பாடு.

அங்கேதான் நியாமெகேயைப் பார்த்தோம். மேற்கே கடலோர ஊரான ஆக்சிமில் கணக்கு வாத்தியார், நெட்டையான மனிதர். புயலில் அவர்கள் ஊர் டவர் சாய்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. போனும் இல்லை, நெட்டும் இல்லை. விடியற்காலை ட்ரோட்ரோ என்கிற பங்கு வேன் பிடித்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நெட் இல்லாமலே பிள்ளைகள் போனில் கணக்குப் போட்டுப் பழக ஒரு மென்பொருள் செய்திருந்தார். எந்தப் படியில் தப்பு வந்தது என்று காட்டும் பகுதி மட்டும் முடியவில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அனுப்பினார்கள். பதினொன்றேகாலுக்கு முடிந்தது. வாசலில் மூவரும் கெங்கே என்கிற புளித்த சோள உருண்டையும் பொரித்த மீனும் சாப்பிட்டோம். முடியாத பகுதி வருத்தம்தான், ஆனால் கெடு என்றால் கெடு என்று அவர் சொல்லிவிட்டு ஊருக்கு வண்டியேறினார்.

அவர் போய்க் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. மீதியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அராபாவின் போனில் செய்தி வந்தது. பலர் கேட்டுக்கொண்டதால் கெடு வியாழன் பகல் பன்னிரண்டு வரை நீட்டிக்கப்படுகிறதாம்.

நான் நல்ல செய்தி என்றுதான் நினைத்தேன். அவள் கையில் இருந்த கெங்கேயை அப்படியே இலையில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

போட்டியை நடத்தும் பென்ட்சில் என்பவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்ததில் ஒன்பது பேர்தான் அனுப்பியிருக்கிறார்கள், இதை வைத்துப் பரிசு கொடுத்தால் ஊர் சிரிக்கும் என்று அவர் விளக்கினார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் தேர்வு இருந்ததையும் சொன்னார்.

"தேர்வு இருக்கும்னு மூணு வாரம் முன்னாடியே தெரியாதா சார்? எனக்கு வேலை இருக்கும்னு தெரிஞ்சுச்சு. அதனாலதான் குரலை வெட்டிட்டு அனுப்புனேன். வியாழன்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் வெட்டப்போறேன்?"

"எல்லாருக்கும் அதே ரெண்டு நாள்தானம்மா? உங்களுக்கும் சேர்த்துத்தான். மாத்தி அனுப்புங்களேன்."

"அதே ரெண்டு நாளா? செவ்வாய் என்னோடது சார். புதனும் வியாழனும் கடலோடது. நாளைக்கு அத்தனை படகும் வரும். நான் ஜன்னலை விட்டு எழுந்திரிக்கவே முடியாது. படிக்கிற பிள்ளைக்கு ரெண்டு நாளுன்னா ரெண்டு நாள். எனக்கு ரெண்டு மணி நேரம்கூட இல்ல."

பென்ட்சில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அறிவித்தாகிவிட்டது, இனி மாற்றினால் அது இன்னும் பெரிய அநியாயம் என்றார். திரும்பப் போனவள் கதவருகில் நின்று, அனுப்பிவிட்டுப் போன ஒன்பது பேருக்கும் இது தெரியுமா என்று கேட்டாள். இணையப் பக்கத்தில் போட்டாயிற்று, மின்னஞ்சலும் அனுப்பியாயிற்று என்றார் அவர். ஆக்சிமில் டவரே இல்லையே என்றாள். வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆள் இல்லை என்று அவர் கையை விரித்தார்.

லாரியில் ஆலைக்குத் திரும்பினோம். நான் சும்மா இருக்க முடியாமல் வாயைத் திறந்தேன்.

"வாத்தியாருக்குத் தெரியலைன்னா உனக்கு ஒரு ஆள் குறைஞ்ச மாதிரிதானே அராபா?"

"நாளைக்கு ஆக்சிமுக்கு எத்தனை மணிக்கு ஐஸ் ஏத்துற அண்ணே?" என்றாள் அவள். என் கேள்வி எனக்கே வெட்கமாகிவிட்டது.

புதன்கிழமை விடியும்போதே துறைமுகம் கொதித்தது. நாற்பது படகுக்கு மேல். ஜன்னலில் பெண்கள் முண்டியடித்தார்கள். அதற்கு நடுவிலேயும் அவள் குரல் பகுதியைத் திரும்பவும் கையில் எடுத்துவிட்டாள். ஒரு கையில் சீட்டு, மறு கையில் போன். கெடுவை நீட்டியது தப்பு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீட்டியபிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவள் என்ன முட்டாளா? குரல் கொடுக்க ஆள் வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், வரிசையில் நின்ற பெண்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. கடைசியில் எசி அம்மா ஜெயித்தாள். அவள் கரையில் நின்று கூப்பிட்டால் படகில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். போனை வாயருகே பிடித்து, "பெரிய ஆலையில ஐஸ் இருக்கு, சீக்கிரம் வாங்க, லேட்டா வந்துட்டு என்னைத் திட்டாதீங்க" என்றாள். பின்னால் கட்டி உடைக்கும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். திரும்பவும் பதிவுசெய்ய நேரமில்லை. அதையே வைத்துக்கொண்டாள்.

பகலில் நான் கிளம்பும்போது ஒரு சீட்டை என் சட்டைப்பையில் செருகினாள். ஆலைச் சீட்டின் பின்பக்கம் நான்கு வரி. கெடு வியாழன் பன்னிரண்டு, இந்த லாரியிலேயே வந்துவிடுங்கள் என்று.

ஆக்சிமில் ஐஸை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டு நேரே அங்கே லாரியை ஓட்டினேன். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு ஐஸ் லாரி பள்ளி வாசலில் நின்றதும் பிள்ளைகள் ஜன்னல் ஜன்னலாகத் தொங்கினார்கள். வாத்தியார் சாக்பீஸ் கையோடு வந்து சீட்டை வாங்கிப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"இதை அனுப்புனது அந்த ஐஸ்காரம்மாவா?"

"ஆமா சார்."

"நான் அவங்களுக்குப் போட்டி ஆச்சே."

"அது அவளுக்கும் தெரியும் சார்."

அவரிடமிருந்து அப்படி ஒரு சிரிப்பு. தலைமையாசிரியையிடம் லீவு சொல்லிவிட்டு வந்து, விடிகாலை லாரி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று மட்டும் கேட்டார்.

இரவு ஆக்சிமிலேயே தங்கி, வியாழன் விடிகாலை ஐந்து மணிக்கு நான் மீன் ஏற்றி முடித்தபோது அவர் தயாராக நின்றார். லேப்டாப்பை அரிசிச் சாக்கில் சுற்றியிருந்தார். வண்டி நகர்ந்ததுமே திறந்துவிட்டார். பள்ளத்தில் விடாதே என்று அவரும், இது சாலையா வலையா என்று நானும் கத்திக்கொண்டே வந்தோம். வழியில் ஒரு பாலத்தில் பழுது வேலை. ஒன்றரை மணி நேரம் நின்றோம். நான் இறங்கி இறங்கிப் போய் எப்போது விடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவரோ சந்தோஷமாகிவிட்டார். வண்டி ஆடாமல் நிற்கிறதே என்று மடமடவெனத் தட்டினார். பாலத்தைத் தாண்டுவதற்குள் தப்பான படியைச் சிவப்பில் காட்டும் பகுதி ஓட ஆரம்பித்துவிட்டது. எனக்கே ஒரு கணக்குக் கொடுத்தார். தப்பாகப் போட்டேன். எங்கே தப்பு என்று மிகச் சரியாகக் காட்டியது. அவர் தொடையில் தட்டிக்கொண்டார்.

ஆலைக்கு வந்து சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. ஜன்னலில் இருபது பேர் வரிசை. அராபா எங்களைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். எசி அம்மா அவளை இடுப்பில் இடித்து நகர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு எழுதத் தெரியாது. ஆனா எண்ணத் தெரியும். நீ போ."

மீனை இறக்கக்கூட நிற்கவில்லை. மீனோடு டாக்கொராடி. மூவரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அராபா கடைசித் திருத்தம் செய்துகொண்டே வந்தாள். எங்கள் மூவர் மேலும் அடித்த வாடையில் கம்ப்யூட்டர் அறையில் தானாக இடம் கிடைத்தது. பதினொன்று முப்பத்தெட்டுக்கு வாத்தியாருடையது போய்விட்டது. அராபாவுடையதில் குரல் கோப்பு பெரிது, பாதியில் இரண்டு தடவை நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். பதினொன்று ஐம்பத்தொன்றுக்குப் போயிற்று. வாத்தியார் எழுந்து நின்று கைதட்டினார், நானும் தட்டினேன்.

அப்போதுதான் மூலையில் இருந்த ஒருவன் எழுந்து, இன்னும் இரண்டு மணி நேரம் கொடுங்கள் சார் என்று கேட்டான். எல்லோரும் பென்ட்சிலைப் பார்த்தார்கள். அவர் அராபாவைப் பார்த்தார். இல்லை என்று மெதுவாகச் சொன்னார். பன்னிரண்டுக்கு மூடிவிட்டார். அந்தப் பையன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நீ ஜெயித்துவிட்டாய் என்று நான் அராபா காதில் சொன்னேன். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், சிரிக்கவில்லை.

பத்து நாள் கழித்து முடிவு. முதல் பரிசு இரண்டு கல்லூரி மாணவிகளுக்கு. கெடு நீட்டக் கேட்டவர்களில் அவர்களும் உண்டு. செவ்வாயன்று அவர்களிடம் அனுப்ப ஒன்றுமே இருந்திருக்காது. மழைக்கு முன்னால் சாக்கடை எங்கே அடைத்திருக்கிறது என்று தெருக்காரர்களே சொல்லும் மென்பொருள் அது. திரையில் ஓட்டிக் காட்டினார்கள். அராபா முன்னால் குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் செஞ்சிருக்காங்க," என்றாள், கசப்பு மருந்து விழுங்குகிற முகத்தோடு.

இரண்டாம் பரிசு நியாமெகேவுக்கு. ஒரே ஒரு மதிப்பெண் குறைவில் மூன்றாம் பரிசு அராபாவுக்கு. எசி அம்மாவின் குரலை மண்டபத்தில் போட்டுக் காட்டியபோது பின்வரிசையில் இருந்த மீன்காரப் பெண்கள் எழுந்து ஆடினார்கள். எசி அம்மா மட்டும் உட்கார்ந்தபடியே, என் குரல் இன்னும் நல்லா இருக்கும் என்று முணுமுணுத்தாள்.

வாத்தியார் அராபாவிடம் வந்தார். "லாரி அனுப்பி உங்களை நீங்களே தோக்கடிச்சுக்கிட்டீங்களே."

"நீங்க இவ்வளவு கெட்டிக்காரருன்னு தெரிஞ்சிருந்தா லாரியை கிழக்கால அனுப்பியிருப்பேன் சார்."

மேடையில் அவளிடம் மைக்கைக் கொடுத்ததும் நன்றி சொன்னாள். பிறகு பென்ட்சிலைத் திரும்பிப் பார்த்து, கெடுவை நீட்டியது தப்பு என்று இப்போதும் நினைப்பதாகவும், நீட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அனுப்பி முடித்தவர்களுக்கு முதலில் சொல்லிவிட்டு நீட்டுங்கள் என்றும் சொன்னாள். பென்ட்சில் எழுந்து, அடுத்த வருஷம் முதல் ஒவ்வொருவர் காதுக்கும் எட்டாமல் கெடு நகராது என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். எழுதிக் கொடுங்கள் சார் என்றாள் அவள். மண்டபம் சிரித்தது. அவர் எழுதியும் கொடுத்தார்.

அன்று வாத்தியாரை நான்தான் ஆக்சிமில் கொண்டுபோய் விட்டேன். அராபாவும் கூட வந்தாள். வழியெல்லாம் இருவரும் வாக்குவாதம். கெடு நீளாமல் இருந்திருந்தால் அந்தச் சாக்கடை மென்பொருள் ஊருக்குக் கிடைத்திருக்காதே என்பது அவர் கட்சி. ஊருக்கு வேண்டுமென்றால் போட்டிக்கு வெளியே செய்யட்டும், பந்தயத்தில் கோட்டை நகர்த்தக்கூடாது என்பது அவள் கட்சி. என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். பாலத்தில் வண்டி நின்றிருந்தது. நான் இறங்கிப்போய் வறுத்த வாழைக்காய் வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது வாக்குவாதம் விட்ட இடத்தில் இல்லை, இன்னும் நாலு படி மேலே போயிருந்தது.