கினியில் ஓர் ஓட்டை

பூட்டுக்காரருக்கு அந்தத் தங்கக் காசு குருட்டு அதிர்ஷ்டத்தில் கிடைத்தது. சாவியில்லாத பழைய பெட்டியொன்றை ஏலத்தில் எடுத்துத் திறந்தபோது, அடியில் ஒட்டியிருந்த துணிக்குக் கீழே கிடந்தது. கல்யாணமான புதுசு. மனுஷன் முன்பின் யோசிக்கவில்லை. கடையிலிருந்த டிரில்லிங் மெஷினில் காசிலிருந்த ராஜாவின் தலைக்கு மேல் ஓர் ஓட்டை போட்டு, சங்கிலியில் கோத்து மனைவியின் கழுத்தில் மாட்டிவிட்டார்.

ஆறேழு வருடம் கழித்து, பூட்டு வாங்க வந்த நாணய வியாபாரி ஒருவர், கடையில் இருந்த அவள் கழுத்தில் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் தங்க நாணயம், கினியாம். அந்த வருடத்துக் காசு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சமாம்.

"இதுல போய் ஓட்டை போட்ட மகராசன் யாரு?"

மகராசன் பூட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஆனால் அன்றே காசுப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பூதக்கண்ணாடி, குட்டித் தராசு, பட்டியல் புத்தகங்கள் என்று வீடு நிறைந்தது. முப்பது வருடம் நாயாய் அலைந்து, தேய்ந்துபோன அரைக்கினிக் காசுகள் மூன்று சேர்த்தார். வெல்வெட் பெட்டியில் முழுக் கினிக்கான நான்காவது குழி மட்டும் காலி. சாப்பிட உட்கார்ந்தாலும் கண் அவள் கழுத்துக்கே போகும்.

"அந்த ஓட்டை மட்டும் இல்லாம இருந்தா..."

"இல்லாம இருந்தா என் கழுத்துல எப்படித் தொங்கும்?" என்பாள், ஓட்டையைக் கட்டைவிரலால் தடவியபடி. சர்க்கரை நோயில் பார்வை போன பிறகு அந்தத் தடவல் இன்னும் கூடிப்போனது.

போன மாதம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நர்ஸ் நகைகளைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். புத்தி எங்கே போனதோ, நேராக நகை ஆசாரியிடம் போய் ஓட்டையைத் தங்கத்தால் அடைத்துவிட்டார். கால் தரையில் பாவாமல் வியாபாரியிடம் ஓடினார்.

வியாபாரி லென்ஸை வைத்தார், எடுத்தார். "கெடுத்துட்டீங்களே! ஓட்டையாவது இது நகையா இருந்த காசுன்னு உண்மையைச் சொல்லிட்டிருந்தது. ஒட்டுப்போட்ட காசை எவன் சீந்துவான்?"

மறுநாள் அவள் கேட்டாள்: "டாக்டர் நகை போட்டுக்கலாம்னுட்டாரு. என் காசைக் கொண்டாங்க. அது இல்லாம கழுத்து யாரோடதோ மாதிரி இருக்கு."

அவர் பையிலிருந்த காசைத் தடவிக்கொண்டே எழுந்தார். கடைக்கு ஓடி, அடைத்த இடத்திலேயே மறுபடி துளைத்தார். இம்மி பிசகவில்லை. சங்கிலியில் கோத்து அவள் கையில் வைத்தார்.

கட்டைவிரல் ஓட்டையைத் தேடிப் போய் ஒரு சுற்றுச் சுற்றியது.

"இது என்னுது இல்லீங்க."

"அதேதான். சத்தியமா."

"என்னுது சங்கிலி உரசி உரசி வழவழன்னு இருக்கும். இது விரலைக் குத்துது."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பொறுமையாகக் கேட்டாள். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முப்பது வருடம் அவர் புலம்பிய புலம்பலைக் கேட்டவள் எப்படி நம்புவாள்?

"என்னுதை வித்துட்டீங்க. போகுது. கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன்" என்றாள். பிறகு அவர் கையைத் துழாவிப் பிடித்து, காசை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"பெட்டியில ஒரு இடம் காலியா இருக்குன்னு சொல்லுவீங்களே, அதுல வச்சுக்குங்க."