நாலு கதவும் ஒரு கைபிடியும்

போன கிழமை எங்கள் காரின் வலதுபக்க முன்கதவுக் கண்ணாடி இறங்க மறுத்துவிட்டது. பொத்தானை அமத்தினால் கதவுக்குள் யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்குப் பழக்கமான கராஜ் இருக்கிறது. அங்கே கொண்டுபோனேன். மெக்கானிக் கதவின் உள்தட்டைக் கழற்றியதும் பழைய கிரீஸும் ரப்பரும் கலந்த வாசம் குப்பென்று வந்தது. பழுதான மோட்டரை வெளியே எடுத்து என்முன்னால் பிடித்தபடி, "சேர், ஜப்பான் கார்ல கழட்டின ஜெனுயின் போடவா, புது சைனா போடவா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் பின்சீற்றிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. என் மனைவி. கைப்பையை மடியில் குத்திக் குத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. அறுபது தாண்டிய இரண்டு பேர் ஒரு மோட்டரைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பதை அந்த மனிதர் முன்பின் கண்டிருக்க மாட்டார். அவருக்குச் சொல்லாத காரணத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

யுத்தம் நடந்த காலம். நான் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்தேன். என்னிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. பெருமையாகச் சொல்கிறேனே தவிர, லண்டனுக்குப் போன மாமா, "வித்தாலும் ஒருத்தரும் வாங்கான், நீயே வைச்சு ஓடு" என்று விட்டுப்போன வண்டி அது. என்னைவிட வயதில் மூத்தது. ஹோர்ன் அடித்தால் வைப்பர் ஒருதரம் அசைந்து நிற்கும். நாலு கதவு இருந்தது. கண்ணாடியைச் சுற்றி இறக்குகிற கைபிடி மட்டும் ஒன்றே ஒன்று. மற்ற மூன்றும் மாமா காலத்திலேயே உடைந்து போய்விட்டன. மிஞ்சியதன் ஆணியையும் யாரோ தொலைத்துவிட்டதால், அது செருகினால் செருகும், இழுத்தால் கையோடு வரும்.

என்னோடு காலையில் இரண்டு பேர் வருவார்கள். முன்சீற்றில் கனகசபை அண்ணை. அரச திணைக்களம் ஒன்றில் பிரதம லிகிதர், குமாஸ்தாக்களுக்குத் தலைவர். மடியில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார், கோப்பு ஒன்றைக் காவல் காப்பது மாதிரி. பின்சீற்றில் இடதுபக்கம் மாலினி. கோட்டையில் டைப்பிஸ்ட். காருக்குள் காற்று வராவிட்டால் அவளுக்குத் தலை சுற்றும். ஆகவே கைபிடி அவளுடைய கைப்பையில் இருக்கும். ஏறியதும் எடுத்துச் செருகித் தன் கண்ணாடியை இறக்கிவிட்டு, கழற்றித் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வாள்.

பம்பலப்பிட்டி தாண்டி முதல் சோதனைச் சாவடி தெரிந்ததும் நான் "மாலினி" என்பேன். இரண்டு சீற்றுக்கும் நடுவால் ஒரு கை வரும். கைபிடியில் பவுடர் வாசமும் பெப்பர்மின்ற் வாசமும் அடிக்கும். நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, மூன்று அடையாள அட்டைகளையும் கொடுத்து, ஆமிக்காரன் எங்கள் முகங்களையும் படங்களையும் மாறி மாறிப் பார்த்து முடிந்ததும் கண்ணாடியை ஏற்றி, கைபிடியைப் பின்னுக்குக் கொடுப்பேன். கொள்ளுப்பிட்டியில் திரும்ப ஒருதரம். கோட்டைக்குப் போய்ச் சேருமுன் நாலு தரம், அதிர்ஷ்டம் இருந்தால் ஐந்து. எங்கள் ஆட்கள் எல்லோரும் சாவடிகளைச் சபித்துக்கொண்டிருந்த காலத்தில், இன்னும் ஒன்று போடமாட்டார்களா என்று ஏங்கிய ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

உன் கண்ணாடியை வீட்டிலேயே இறக்கிவிட்டு வந்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கனகசபை அண்ணையும் முதல் கிழமையே கேட்டார். எனக்குப் பீனிசம், வலது காதில் காற்றுப் பட்டால் அன்று முழுக்கத் தும்மல் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பீனிசம் இருந்ததே இல்லை. அந்தப் பொய்யைக் காப்பாற்றக் கிழமைக்கு ஒருதரமாவது தும்மவேண்டியிருந்தது. அண்ணை எங்கிருந்தோ நொச்சி இலை பிடுங்கிவந்து, "ஆவி பிடியும் தம்பி, இளம் வயசில கவனிக்கவேணும்" என்று தருவார். அவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றிய பாவம் எனக்கு இன்னும் கிடக்கிறது.

வெட்கமான இன்னொன்றும் சொல்லவேண்டும். அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தா. அவவின் கடிதம் ஒரு மாதம் கழித்து வரும். மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, நீ கவலைப்படாதே என்று எழுதியிருப்பா. மாலையில் அதை வாசித்தால் சோறு இறங்காது. காலையில் கைபிடி கைக்கு வந்ததும் சீட்டியடிப்பேன். இரண்டும் ஒரே ஆள்தான். எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை எல்லாம் குழம்பியது. கொள்ளுப்பிட்டிச் சாவடியில் ஒரு புது ஆமிக்காரன் கண்ணாடியில் தட்டி, "ஷட்டர் எக்க பான்ன" என்றான். கண்ணாடியை இறக்கு. நான் கையை நீட்டினேன், மாலினியும் நீட்டினாள், விரலும் விரலும் பட்டுவிட்டன. அதற்கு முன் பட்டதில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கைபிடியை விட்டுவிட்டோம். அது சீற்றுக்குக் கீழே உருண்டது. எடுக்க நான் குனிந்தேன், அவள் குனிந்தாள், சாப்பாட்டுப் பெட்டியோடு அண்ணையும் குனிந்தார். வெளியே நின்றவனுக்குத் தெரிந்தது, காருக்குள் இருந்த மூன்று தலையும் சொல்லிவைத்ததுபோல மறைந்ததுதான். சுடத் தயாராகும் துவக்கின் சத்தம் 'கிளிக்' என்று கேட்டது. முதலில் நிமிர்ந்தவர் அண்ணை. அவர் கையில் வளைந்த கறுப்பு இரும்பு ஒன்று.

"ஏ மொக்கத்த?" என்று அவன் கத்தினான். அது என்ன என்று விளக்க அண்ணையிடம் நல்ல சிங்களம் இருந்தது, ஆனால் அது கடிதம் எழுதுகிற சிங்களம். துவக்குக்கு முன்னால் வரவில்லை. எங்களை இறக்கினார்கள். டிக்கியைப் பார்த்தார்கள், சீற்றைக் கிளப்பினார்கள், அண்ணையின் பெட்டியைத் திறந்து புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் பார்த்தார்கள். கடைசியில் அவர்களின் மேலதிகாரி ஒருவர் வந்து, கைபிடியைத் தானே செருகி, கண்ணாடியை மூன்றுதரம் ஏற்றி இறக்கி, இனி இந்தக் கதவுக்கென்று ஒரு கைபிடி இல்லாவிட்டால் கார் இங்கேதான் நிற்கும் என்று சொல்லி அனுப்பினார்.

கோட்டை வரும்வரை அண்ணை பெட்டியின் மூடியை அமத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான் சொன்னார்: "தம்பி, எனக்கு ரிட்டயராக இன்னும் மூண்டு வருசம் கிடக்கு. வாற திங்களுக்குள்ள உம்மட பக்கத்துக்கு ஒரு ஹேண்டில் வாங்கிப் பூட்டும். இல்லாட்டி நான் நூறாம் நம்பர் பஸ்ஸில போறன்."

என் நிலைமையைப் பாருங்கள். கைபிடி வாங்காவிட்டால் அண்ணை வரமாட்டார். அண்ணை வராவிட்டால், கலியாணமாகாத ஒருவனோடு தனியாக வர மாலினியின் தாய் விடமாட்டா. வாங்கினாலோ, இரண்டு சீற்றுக்கும் நடுவால் அந்தக் கை இனி வராது. அந்தக் கிழமை நான் உண்மையாகவே தும்மினேன், யோசித்து யோசித்து.

பழைய கார்ச் சாமான் என்றால் பஞ்சிகாவத்தைதான். போகும்போது உடைந்ததையோ மிஞ்சியதையோ மாதிரிக்குக் கொண்டுபோகவேண்டும், இல்லாவிட்டால் எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். "மாதிரி என்ர பையிலதானே கிடக்கு, நானும் வாறன்" என்றாள் மாலினி. துணைக்கு அண்ணையும் வந்தார். ஆனால் பஞ்சிகாவத்தையில் காரை விட்டுப்போனால் உங்கள் சக்கர மூடியையே கழற்றி உங்களுக்கு விற்பார்கள் என்று கொழும்பில் ஒரு பகிடி உண்டு. அண்ணை பகிடியை நம்புகிறவர். காரைச் சுற்றிச் சுற்றி நடந்து நாலு சக்கரத்தையும் காவல் காத்தார். சனிக்கிழமை மத்தியானம் நானும் அவளும் தனியாகக் கடைக்குள் போனோம்.

கடை என்றால் கூரையிலிருந்து கதவுகள் தொங்கும், சுவர் முழுக்க விளக்குகள் முழிக்கும். காலடியில் கியர்பெட்டிகள். நடுவில் வெள்ளைத் தொப்பியோடு ஒரு முஸ்லிம் கடைக்காரர், எல்லோருக்கும் நானா. மாலினி கொடுத்த கைபிடியை முகர்ந்து பார்த்து, அதன் பவுடர் வாசத்துக்கு ஒரு கணம் திகைத்து, பிறகு இரண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது கொலன்னாவையில வெட்டின கார்லேந்து கழட்டினது. ஜெனுயின். இது புதுசு, டூப்ளிகேட். பாக்க நல்லா மின்னும். எது வேணும்?"

நான் ஜெனுயினை எடுத்துப் பல் தேய்ந்திருக்கிறது என்றேன். டூப்ளிகேட்டை எடுத்துப் பாரம் காணாது என்றேன். நானா உள்ளே போய் இன்னும் மூன்று ஜெனுயின் கொண்டுவந்தார். ஒன்றில் துரு, ஒன்றில் குமிழ் ஆடுகிறது, மற்றதன் வளைவு பிடிக்கவில்லை. வேறு டூப்ளிகேட் வந்தது. பழைய காருக்குப் புதுச் சாமான் ஒத்துவராது என்றேன். அப்படியென்றால் பழசை எடுங்கள் என்றார். பழசை எப்படி நம்புவது என்றேன். மாலினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, நீங்க ஹேண்டில் எடுக்க வந்தீங்களா, பொண்ணெடுக்க வந்தீங்களா?"

என் இரண்டு காதும் பற்றி எரிந்தன. மாலினி முன்னுக்கு வந்தாள். மேசையில் கிடந்தவற்றைப் பார்த்தபடி, மிக மரியாதையாகக் கேட்டாள்.

"நானா, இதில எது கெதியா உடையும்?"

எது சீக்கிரம் உடையும் என்று அந்தக் கடைக்கு வந்த யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நானா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவர் தாடிக்குள் ஒரு சிரிப்பு ஓடியது.

"டூப்ளிகேட்தான் தங்கச்சி. மூணு மாசம் தாங்கினா பெரிய விசயம்."

"அப்ப அதைத் தாங்கோ."

அவர் டூப்ளிகேட்டைக் கொடுத்தார். ஜெனுயினில் நல்லதொன்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றி மேல் தட்டில் வைத்தார். "இது இங்க ஈக்கட்டும். வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன். அது ஒடைஞ்சா ரெண்டு பேரும் சேந்து வாங்க."

இவ்வளவு நடந்தும் எனக்கு விளங்கவில்லை. நம்புங்கள். எனக்கு மட்டும் ஏன் உடைகிற சாமான், நான் அவ்வளவு மட்டமா என்று முகத்தை நீட்டிக்கொண்டு கார் ஓட்டினேன். கொள்ளுப்பிட்டிச் சாவடி வந்தது. புதுக் கைபிடியைச் சுற்றினேன். அரைச் சுற்றில் விளங்கியது. உடைந்தால் அவளுடையதைத் திரும்பக் கேட்கவேண்டுமல்லவா? கண்ணாடி இறங்கி முடிந்தபோது நான் வாயெல்லாம் பல்லாக இருந்தேன். "மொக்கத ஹினாவென்னே?" என்ன சிரிப்பு என்று ஆமிக்காரன் கேட்டான். "பீனிசம்" என்று தமிழில் சொன்னேன். பின்னால் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு இரண்டு பேரும் அது உடையக் காத்திருந்தோம். மூன்று மாதம் போனது. நான் சந்திக்குச் சந்தி தேவையில்லாமல் ஏற்றி இறக்கினேன், முறுக்கினேன், ஒருநாள் முழங்காலால் இடித்தும் பார்த்தேன். முழங்கால்தான் வீங்கியது. நாலு மாதம், ஐந்து மாதம். கனகசபை அண்ணை அதைத் தடவித் தடவி, "டூப்ளிகேட் எண்டாலும் என்ன சாமான் பாத்தீரே" என்று புகழ்வார். ஆறாம் மாதம் ஒரு காலை, அதே வாயால், பின்சீற்றில் இருந்த மாலினியைக் காட்டி, "பிள்ளைக்குக் கனடாவில ஒரு கலியாணம் பொருந்தி வந்திருக்காம், தாய் சொன்னவ" என்றும் சொன்னார். என் கை ஹோர்னில் பட்டு, வைப்பர் ஒருதரம் அசைந்து நின்றது.

அண்ணை எங்களுக்கு முன்னரே இறங்குகிறவர். அவர் இறங்கிய இடத்திலிருந்து அவளுடைய அலுவலகம் ஐந்து நிமிடம். அன்று நடுவில் சிவப்பு விளக்கு விழுந்தது. நான் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னேன்.

"மாலினி, இது உடையிற மாதிரித் தெரியேல்லை."

"எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு" என்றாள். "இனி நீங்கள்தான் வாயைத் திறக்கவேணும்."

திறந்தேன். என்ன சொன்னேன் என்பது ஞாபகமில்லை. பச்சை விழுந்தும் நகராமல் நின்ற எங்களுக்குப் பின்னால் நின்ற பஸ்காரர் சொன்னவை மட்டும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது, அவற்றை எழுதமுடியாது.

கலியாண அட்டையோடு இரண்டு பேரும் பஞ்சிகாவத்தைக்குப் போனோம். "ஒடைஞ்சிட்டா?" என்றார் நானா. இல்லை என்றோம். அவருக்குக் கொஞ்சம் அவமானமாகப் போய்விட்டது. அட்டையைப் பார்த்த பிறகுதான் முகம் தெளிந்து மேல் தட்டிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துத் தந்தார். பீனிசம் பொய் என்று எப்போது தெரியும் என்று பிறகு அவளிடம் கேட்டேன். "அந்தக் கடைத் தூசிக்குள்ள நிண்டு நீங்கள் ஒருக்காலும் தும்மேல்லையே" என்றாள்.

மைனர் போய்விட்டது. அதை வெட்டித்தான் விற்றிருப்பார்கள். அதன் கதவு யாருடைய காரிலோ ஓடிக்கொண்டிருக்கலாம். நானா காலமாகிவிட்டார், அந்தக் கடையில் இப்போது போன் உறை விற்கிறார்கள். ரிட்டயராகித் தன் மகளிடம் கனடாவுக்குப் போன கனகசபை அண்ணை, பனிக்குள் நின்று எடுத்த ஒரு படம் அனுப்பினார், அதோடு கடிதம் நின்றுபோனது. சாவடிகளும் இல்லை. அவற்றுக்காக எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது.

கராஜில் சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனைவி மெக்கானிக்கிடம் கேட்டாள்: "தம்பி, எது கெதியா உடையும்?" அவர் அதை நியாயமான கேள்வியாகவே எடுத்து யோசித்தார். "இப்ப ரெண்டும் ஒண்டுதான் அன்ரி."

ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டார். கேட்க மறந்துவிட்டேன். வரும்வழியில் கொள்ளுப்பிட்டிக்கு ஒரு வேலையாகப் போனோம். மாலினி வழமைபோலப் பின்சீற்றில் இடதுபக்கம்தான். பார்க்கிறவர்கள் என்னை அவளுடைய டிரைவர் என்று நினைப்பார்கள். சாவடி இருந்த இடத்தில் இப்போது ஓர் ஐஸ்கிறீம் கடை. அங்கே வந்ததும் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

"இப்ப ஆர் மறிக்கிறான் உங்களை?" என்றாள் பின்னாலிருந்து.

"ஒருத்தரும் இல்லை" என்றேன். இரண்டு சீற்றுக்கும் நடுவை ஒருதரம் பார்த்தேன். பிறகு பொத்தானை அமத்தினேன். கண்ணாடி யாரையும் கேட்காமல், சத்தமே இல்லாமல் இறங்கியது.